வால்காவைக் கடவாத குதிரைகள்

1238ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கீழைக்கரையிலுள்ள யார்மத் துறைமுகத்தில் மீன் மலிந்துபோயிற்று. ஆண்டுதோறும் ஹெர்ரிங் மீனை ஏற்றிச் செல்வதற்குக் கப்பலோடு வரும் காத்லாந்து வணிகரும் பிரீசிய வணிகரும் அவ்வாண்டு வரவில்லை. ஒரு வெள்ளிக்காசுக்கு நாற்பது, ஐம்பது மீன் என்று விலை இறங்கிற்று. கடற்கரையிலிருந்து தொலைவிலுள்ள ஊர்களிலும் அதே விலைதான். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவியாகிய மத்தேயு பாரிஸ் இச்செய்தியைத் தம் ஆண்டுக் குறிப்பில் எழுதிவைத்துக் காரணத்தையும் கூறுகிறார். கிழக்கிலிருந்து தாத்தாரியர் என்னும் கொடிய கூட்டத்தார் வருகின்றனர் என்ற அச்சத்தால், அவ்வணிகர்கள் தம் ஊரைவிட்டுப் புறப்படவே இல்லையாம்.

மங்கோலிய வீரர்களுள் ஒருவனும் அந்த மீனைக் கண்டவனல்லன். யார்மத் என்னும் பெயரைக் கேட்டிருக்கவும் மாட்டான். எனினும் வால்கா ஆற்றங்கரையில் எழுந்த புழுதி, வட கடலோரத்து மீன்சந்தையின் விலையைத் தீர்மானித்தது. "மங்கோலியர் ஐரோப்பாவை விட்டுவைத்திருந்தால் உலகம் என்னவாகியிருக்கும்?" என்னும் வினாவை எடுத்துக்கொள்வார்க்கு இம்மீன் விலை ஒரு நல்ல எச்சரிக்கையாகும். ஓரிடத்தில் ஒரு கல்லைப் பெயர்த்தால், நாம் எதிர்பாராத வேறோரிடத்தில் சுவர் சாய்கிறது.

வரலாற்றில் 'இருந்திருந்தால்' என்பதற்கு இடமில்லை என்று கூறுவோர் பலர். அக்கூற்றை நான் முழுமையாக ஏற்பதில்லை. கீவ் நகரம் எரிந்தமையால் மாஸ்கோ வளர்ந்தது என்று தேர்வுத்தாளில் எழுதும் மாணவன், கீவ் எரியாதிருந்தால் மாஸ்கோ அவ்வாறு வளர்ந்திராது என்பதையும் சொல்லாமற் சொல்கிறான். காரணம் கூறும்போதெல்லாம் நாம் 'இருந்திருந்தால்' என்னும் சொல்லை மறைவாகப் பயன்படுத்துகிறோம். அதனை வெளிப்படையாகப் பயன்படுத்தினால் நம் காரணங்களின் வலிமையும் மெலிவும் தெரியவரும். ஒரு கட்டுப்பாடு மட்டும் வேண்டும். நாம் செய்யும் மாற்றம் அக்காலத்து மனிதர் உண்மையிலேயே செய்திருக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். நம் விருப்பத்துக்கேற்ப அவர்களை அறச்செல்வர்களாக்கிவிட்டுக் கதை வளர்ப்பது ஆராய்ச்சியாகாது.

இவ்வினாவைப் பலரும் எழுப்பும் முறையே வேறு. 1241ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் பேரரசன் ஒகதாய்கான் வேட்டையும் குடியுமாகக் கழித்த ஓர் இரவுக்குப்பின் இறந்தான். அடுத்த ஆண்டு வசந்தத்தில் மங்கோலியப் படை ஹங்கேரியை விட்டு நீங்கிற்று. ஆகவே ஒரு கிண்ணம் மது மேலை ஐரோப்பாவைக் காப்பாற்றியது என்பர். கேட்பதற்குச் சுவையான கூற்றுத்தான். போப்பாண்டவரின் தூதராகச் சென்று 1246ஆம் ஆண்டு மங்கோலியத் தலைநகரின் அருகே தங்கியிருந்த கார்ப்பினி என்னும் துறவியும் இவ்வாறே எழுதினார். ஆனால் படைத்தலைவனாகிய பாத்துவின் செயல் இதற்கு ஒத்துவரவில்லை. புதிய பேரரசனைத் தேர்ந்தெடுக்க அவன் மங்கோலியாவுக்குச் செல்லவே இல்லை. வால்கா ஆற்றின் கீழ்ப்பகுதியில் தங்கிவிட்டான். தேர்தலோ 1246ஆம் ஆண்டுவரை நடைபெறவில்லை.

பின்வாங்கியதற்கு வேறு காரணங்களும் கூறப்படுகின்றன. ஒவ்வொரு வீரனுக்கும் மூன்று முதல் ஐந்து குதிரைகள் வேண்டும். அத்தனை குதிரைகளையும் ஆண்டு முழுவதும் மேய்க்க ஹங்கேரியச் சமவெளியின் புல் போதாது என்பது ஒன்று. 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, மர வளையங்களைக் கொண்டு, 1242ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குளிரும் ஈரமும் மிகுந்து அச்சமவெளி சேறாகிக் கிடந்தது எனக் கூறுகிறது. கல்லாற் கட்டிய கோட்டைகள் பணியவில்லை என்பது இன்னொன்று. எஸ்தர்கோம் நகரம் அழிந்தபோதும் அதன் உட்கோட்டை நின்றது. பன்னொன்ஹல்மா மடமும் நின்றது. இவற்றுள் எது முதற்காரணம் என்பதில் ஆய்வாளரிடையே உடன்பாடில்லை. என் கருத்தில், ஒகதாய் இன்னும் பத்தாண்டு வாழ்ந்திருந்தாலும் மங்கோலியக் குதிரைகள் பாரிஸ் நகரத்துத் தெருவில் நடந்திருக்கும் என எண்ணுவதற்குச் சான்று குறைவு.

எனவே வினாவைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, 1235ஆம் ஆண்டிற்குச் செல்வோம். மங்கோலியர் கிழக்கு ஐரோப்பாவிற்கு ஏன் வந்தனர்? வாராதிருந்திருக்க முடியுமா?

1235ஆம் ஆண்டில் காரகோரம் நகரத்துக்கு மதில் எழுப்பப்பட்டது. அதே ஆண்டில் குரில்தாய் எனப்படும் பேரவை கூடிற்று. அதற்கு முந்திய ஆண்டுதான் வட சீனத்துச் சின் பேரரசு வீழ்ந்திருந்தது. வென்ற படைக்கு வேலை வேண்டும். தெற்கே சுங் பேரரசு இருந்தது. கிழக்கே கொரியா இருந்தது. தென்மேற்கே ஈரானில் சொர்மகான் என்னும் தளபதி 1230 முதற்கொண்டு ஒரு படையோடு போரிட்டுக்கொண்டிருந்தான். மேற்கே வால்காவிற்கு அப்பால் கிப்சாக்கரும் ருஷ்யச் சிற்றரசரும் இருந்தனர். பேரவை பல திசைகளுக்கும் படையனுப்ப முடிவு செய்தது. ஆயினும் மேற்றிசைக்கே தனிச்சிறப்பு அளிக்கப்பட்டது. செங்கிஸ்கானின் நான்கு மைந்தர் குடும்பத்தாரும் தத்தம் மூத்த இளவரசரை அத்திசைக்கு அனுப்பினர். நாற்பதாண்டுப் போர்ப்பயிற்சி உடைய முதியவன் சுபுத்தாய் படை நடத்தினான். அப்படையின் தொகை ஓரிலட்சத்துக்கு மேலிருக்கும் என்று மதிப்பிடுவோர் பலர்.

இச்சிறப்பிற்குக் காரணம் ஐரோப்பாவின் செல்வமன்று. அது ஒரு குடும்பப் பாகப்பிரிவினை. செங்கிஸ்கான் தன் மூத்த மகன் ஜூச்சிக்கு மேற்கே மங்கோலியக் குதிரைக் குளம்பு பட்ட நிலம் அனைத்தையும் பங்காக அளித்திருந்தான். பிறப்பைப் பற்றிய ஐயம் ஒன்றை வாழ்நாளெல்லாம் சுமந்த ஜூச்சி, தந்தைக்கு முன்னரே 1227இல் இறந்தான். அவனுடைய மகன் பாத்துவிற்குக் கிடைத்த பங்கோ பெரும்பாலும் இனிமேல் வென்றெடுக்கவேண்டிய நிலமாகவே இருந்தது. சிற்றப்பன்மார் அவனுக்குக் கடன்பட்டிருந்தனர். 1235ஆம் ஆண்டின் பேரவை அக்கடனை அடைத்தது.

கடனை வேறு வகையில் அடைத்திருக்க முடியாதா? முடிந்திருக்கும் என்றே தோன்றுகிறது. அசர்பைஜான் நாட்டின் முகான் சமவெளி, அர்ரான் ஆகிய மேய்ச்சல் நிலங்களின்மீது ஜூச்சியின் குடும்பத்தார்க்குப் பெருவிருப்பம் இருந்தது. பிற்காலத்தில் 1262ஆம் ஆண்டு ஜூச்சியின் மகன் பெர்க்கேயும், ஈரானை ஆண்ட ஹுலாகுவும் போரிட்டுக்கொண்டதற்கு அந்நிலங்களும் ஒரு காரணமாகும். ஆகவே நம் கற்பனை மாற்றம் இதுதான்: 1235ஆம் ஆண்டின் பேரவை பாத்துவிற்கு அசர்பைஜானையும் அதற்கு மேற்கேயும் தெற்கேயும் வெல்லப்போகும் நிலத்தையும் பங்காக அளிக்கிறது, சுபுத்தாயின் பெரும்படை சொர்மகானுக்குத் துணையாக ஈரானுக்குச் செல்கிறது, வால்கா ஆற்றைக் குதிரைகள் கடக்கவில்லை. யாரையும் நல்லவராக்கவில்லை, எவர் ஆசையையும் குறைக்கவில்லை. திசையை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

முதலில், நிகழாமற்போவன யாவை எனக் காண்போம். 1237ஆம் ஆண்டு டிசம்பரில் ரியசான் வீழாது. 1238 பிப்ரவரியில் விளதிமிர் நகரத்துக் கோயிலுள் அடைக்கலம் புகுந்தோர் தீயில் மடியமாட்டார்கள். 1240 டிசம்பர் 6ஆம் நாள் கீவ் வீழாது. 1241 ஏப்ரல் 9ஆம் நாள் லெக்னிட்சாவில் சைலேசியக் கோமகன் ஹென்றி தலையிழக்கமாட்டான். இரண்டு நாள் கழித்து மோகிச் சமவெளியில் ஹங்கேரிய மன்னன் நான்காம் பேலாவின் படை சுற்றிவளைக்கப்படாது; அம்மன்னன் அட்ரியாட்டிக் கடற்கரைவரை ஓடி ஒளிய நேராது. ஆறாண்டுக்குப்பின் கீவ் வழியாகச் சென்ற கார்ப்பினி, அங்கு இருநூறு வீடுகளேனும் இருக்குமோ என்று ஐயுற்று எழுதினார். வழியெங்கும் மண்டையோடுகளையும் எலும்புகளையும் கண்டதாகவும் குறித்தார். அந்த எலும்புகள் எல்லாம் உயிரோடு நடமாடியிருக்கும்.

ஆனால் இதிலிருந்து கீவ் ஒரு பொன்னுலகாக மலர்ந்திருக்கும் என முடிவு செய்பவர் அவசரக்காரர். மங்கோலியர் வருமுன்னரே அந்நகரம் இருமுறை சூறையாடப்பட்டது. 1169இல் வடக்கு ருஷ்ய இளவரசன் அந்திரேயின் படையும், 1203இல் ரூரிக் என்பவனின் படையும் அதனைக் கொள்ளையிட்டன. அப்படைகளை ஏவிய இளவரசர் இருவரும் ஒரே மொழி பேசி ஒரே கோயிலில் வழிபட்டோரே. ருஷ்ய இளவரசர்கள் ஒற்றுமையற்றோர். மங்கோலியர் வாராதிருந்தால் அவ்வொற்றுமையின்மை தொடர்ந்திருக்கும். நாவ்கரத் நகரம் வணிகத்தால் வளர்ந்திருக்கும். மேற்கே ஹாலிச் நாடு போலந்து, ஹங்கேரி ஆகியவற்றோடு நெருங்கியிருக்கும். மாஸ்கோ? 1147இல்தான் முதன்முறையாக ஏடுகளில் பெயர் காணப்படும் அந்தச் சிற்றூர், மங்கோலியருக்கு வரி தண்டிக் கொடுக்கும் பொறுப்பை இவான் கலிதா போன்றோர் கைக்கொண்டமையால் உயர்ந்தது. வரியே இல்லையெனில் தண்டுவோனுக்கு ஏது பெருமை? மாஸ்கோ ஒரு சந்தைப் பேரூராக நின்றிருக்கக்கூடும். இவ்விடத்தில் நான் ஓரளவு துணிந்தே கூறுவேன்.

ஹங்கேரியைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. அழிவிற்குப்பின் பேலா மன்னன் நாடெங்கும் கற்கோட்டைகள் எழுப்பினான். பெஸ்ட் நகரத்து மக்களை ஆற்றுக்கு அக்கரையிலுள்ள புடா குன்றின்மீது குடியேற்றினான். 1285ஆம் ஆண்டு மங்கோலியர் மீண்டும் வந்தபோது அக்கோட்டைகள் அவர்களைத் தடுத்தன. அடிபட்டவன் கற்ற பாடம் அது.

இதுவரை கூறியதனைத்தும் ஐரோப்பியர் பக்கத்து இலாபக் கணக்கு. பெரும்பாலான நூல்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. நமக்கோ மறுபக்கத்தையும் புரட்டிப்பார்க்க வேண்டியிருக்கிறது.

கருங்கடலுக்கு வடக்கேயுள்ள பரந்த புல்வெளியில் கிப்சாக்கர் என்னும் துருக்கிய நாடோடி மக்கள் வாழ்ந்தனர். ஐரோப்பியர் அவர்களைக் குமானியர் என்றழைத்தனர். மங்கோலியரின் மேற்குப் படையெடுப்பில் முதலில் நொறுங்கியவர்கள் இவர்களே. ஒரு பகுதியினர் தம் தலைவன் கோத்தனோடு ஹங்கேரிக்குள் அடைக்கலம் புகுந்தனர். 1241இல் பெஸ்ட் நகரத்து மக்கள் கோத்தனை ஒற்றன் என ஐயுற்றுக் கொன்றனர். மற்றொரு பகுதியினரின் பிள்ளைகள் அடிமைச் சந்தைக்கு வந்தனர். கிப்சாக் அடிமைகளை எகிப்து அதற்கு முன்னரும் வாங்கியதுண்டு. ஆனால் இப்பொழுது வந்தது வெள்ளம். ஊரிழந்து, உணவிழந்து சிதறிய குடிகளின் சிறுவர்கள் கருங்கடல் துறைகளிலும் அனத்தோலியச் சந்தைகளிலும் மலிவாகக் கிடைத்தனர். யார்மத்தில் மீன் மலிந்தது. இங்கே மனிதர் மலிந்தனர்.

1240ஆம் ஆண்டு எகிப்தின் சுல்தானாகிய அல்-சாலிஹ் அய்யூப் தன் சுற்றத்தாரையே நம்பமுடியாத நிலையில் இருந்தவன். அவன் இச்சிறுவர்களைப் பெருந்தொகையில் வாங்கி, நைல் ஆற்றின் நடுவிலுள்ள ரவ்தா தீவில் தங்கவைத்துக் குதிரையேற்றமும் வில்லும் வேலும் பயிற்றினான். மம்லூக் எனப்படும் அடிமை வீரர் படை அது. அவர்களுள் ஒருவன் பைபர்ஸ். மங்கோலியரிடமிருந்து தப்பியோடிய குடியிற் பிறந்து, பிடிபட்டு விற்கப்பட்டவன். கண்ணில் படலம் இருந்தமையால் முதலில் வாங்கியவன் அவனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று கூறுவர்.

1250இல் மன்சூராவில் பிரெஞ்சு மன்னன் ஒன்பதாம் லூயியின் சிலுவைப் படையை முறியடித்தவர்கள் இந்த அடிமைகளே. அதே ஆண்டில் எகிப்தின் ஆட்சியையும் கைப்பற்றினர். 1258 பிப்ரவரியில் ஹுலாகு பாக்தாத்தை அழித்துக் கலீபாவைக் கொன்றான். 1260இல் அலெப்போவும் திமிஷ்குவும் பணிந்தன. எஞ்சி நின்றது கெய்ரோ. 1260 செப்டம்பர் 3ஆம் நாள் பாலஸ்தீனத்து ஐன் ஜாலூத்தில் சுல்தான் குதுஸும் பைபர்ஸும் மங்கோலியத் தளபதி கித்புகாவைத் தோற்கடித்தனர். மங்கோலியர் அதற்குமுன் தோற்றதேயில்லை என்பது மிகைக்கூற்று. அன்று ஹுலாகுவின் பெரும்படை அங்கு இல்லை என்பதும் உண்மை. எனினும் எகிப்தின் வாயில் அடைக்கப்பட்டது, பிறகு திறக்கப்படவில்லை. வாயிலை அடைத்தவர்கள் புல்வெளியில் மங்கோலியரின் போர்முறையைச் சிறுவயதிலேயே கண்டவர்கள். அவர்களைப் போலவே குதிரைமீதிருந்து அம்பெய்யத் தெரிந்தவர்கள்.

இப்பொழுது நம் கற்பனை மாற்றத்தை இவ்விடத்திற் பொருத்திப் பார்ப்போம். வால்காவை மங்கோலியர் கடக்கவில்லை. கிப்சாக் சிறுவன் பைபர்ஸ் தன் தந்தையின் மந்தையை மேய்க்கிறான். கலாவூன் என்னும் மற்றொரு சிறுவனும், பின்னர் எகிப்தின் சுல்தானாக வேண்டியவன், தன் ஊரிலேயே இருக்கிறான். ரவ்தா தீவில் அந்தப் பெரும்படை உருவாகவில்லை. ஐரோப்பாவிற்குச் செல்லாத சுபுத்தாயின் படையோ, இருபதாண்டுக்கு முன்னதாகவே பாக்தாத்தின் வாயிலில் நிற்கிறது.

அப்பொழுது எகிப்தின் நிலை என்ன? 1238 மார்ச்சில் சுல்தான் அல்-காமில் இறந்தான். அவனுடைய இரு மைந்தர் 1240வரை அரியணைக்காகப் பொருதுகொண்டிருந்தனர். சிரியாவை ஆண்ட உறவினரோ ஒருவரை வீழ்த்த மற்றொருவர் சிலுவை வீரரோடும் உடன்படிக்கை செய்துகொள்ளத் தயங்காதவர். உண்மை வரலாற்றில் 1238இல் பாக்தாத் நாட்டிற்குள் நுழைந்த மங்கோலியர் ஒரு சிறு படையினரே. அவர்களைக் கலீபாவின் படை எதிர்த்து நின்றது. 1243இல் கோசேதாக் போரில் ஒரே நாளில் அனத்தோலிய செல்ஜுக் அரசைப் பணியவைத்த பைஜு என்னும் தளபதியிடமும் சுபுத்தாயின் படைக்கு ஈடான படை இருந்ததில்லை. அவ்வளவு சிறிய படைகளே அவ்வளவு செய்யக்கூடுமாயின், பெரும்படை வந்திருந்தால் கெய்ரோவின் கதி யாது?

இங்கே என் வாதத்திற்கு எதிராக நானே ஒரு தடை கூறவேண்டும். ஹங்கேரியில் புல் போதவில்லை என்று மேலே கூறினேன். சிரியாவில் புல் இன்னும் குறைவு. 1262ஆம் ஆண்டு பிரெஞ்சு மன்னனுக்கு எழுதிய மடலில் ஹுலாகுவே, தான் சிரியாவிலிருந்து திரும்பியதற்குத் தீவனக் குறைவைக் காரணமாகக் காட்டினான். கோடையில் குதிரைகளுக்குத் தண்ணீரும் கிடையாது. எனவே மங்கோலியர் எகிப்தை நூறாண்டு ஆண்டிருப்பர் என்று நான் கூறவில்லை. ஆனால் ஒரு நகரத்தை அழிப்பதற்கு அதனை ஆளவேண்டிய தேவையில்லை. பாக்தாத்தை அழிக்க இரண்டு வாரம் போதியதாயிற்று.

கெய்ரோ அழிந்திருந்தால் இழப்பு யாருக்கு? பாக்தாத் வீழ்ந்தபின் கலீபாவின் குடும்பத்தான் ஒருவன் 1261இல் கெய்ரோவில் மீண்டும் பதவியேற்றான். கீழை நாடுகளிலிருந்து ஓடிவந்த அறிஞர் பலர் அங்கே புகலிடம் பெற்றனர். வரலாற்றுக் கலைக்கே இலக்கணம் வகுத்த இப்னு கல்தூன் 1382இல் அங்குச் சென்று, நீதிபதியாகவும் ஆசிரியராகவும் பணியாற்றி, 1406இல் அங்கேயே மறைந்தார். நம் தென்கிழக்காசிய மிளகும் கிராம்பும் செங்கடல் வழியாகக் கெய்ரோவையும் அலெக்சாந்திரியாவையும் அடைந்து, வெனிஸ் வணிகர் கைக்கு மாறின. பதினைந்தாம் நூற்றாண்டு மலாக்காவின் செழிப்புக்கு அவ்வழியும் ஓர் ஆதாரம். ஐரோப்பாவைக் காப்பாற்ற நாம் திருப்பிவிட்ட குதிரைகள் இத்தனையையும் மிதித்துச் சென்றிருக்கும்.

இவ்வெண்ணம் புதியதன்று. துருக்கிய அடிமைகள் எகிப்திற்கு வந்தது இறைவன் தன் மார்க்கத்தைக் காக்கச் செய்த ஏற்பாடு என்று இப்னு கல்தூனே எழுதினார். அடிமைத்தனத்தினுள் ஓர் அருள் மறைந்திருந்ததாக அவர் கருதினார். கெய்ரோவில் வாழ்ந்த அறிஞருக்கு அது அருளாகத் தோன்றியது இயல்பே. கிப்சாக் தாய்மாரைக் கேட்டிருந்தால் அவர்கள் வேறு விடை கூறியிருப்பர். அவர்களைக் கேட்டு எழுதிவைத்தார் எவருமிலர்.

இன்னொரு தொடர்ச்சியும் உண்டு. அது நம் பகுதிவரை நீள்வது. ஆனால் இங்கே கயிறு நூலாக மெலிகிறது என்பதை முன்னரே கூறிவிடுகிறேன். மேற்குப் படையெடுப்பின்போது ஒரு விருந்தில், மூத்தவன் என்ற முறையில் பாத்து முதலில் மதுவருந்தினான். ஒகதாயின் மகன் குயுக்கும் சகதாயின் பேரன் பூரியும் வெகுண்டு அவனை இழித்துரைத்துவிட்டுப் போயினர். மங்கோலியரின் பழைய வரலாற்று நூல் இதனை விரிவாகவே கூறுகிறது. அந்தப் பகை ஆறவில்லை. 1246இல் குயுக் பேரரசனானான். 1248இல் படையோடு மேற்கு நோக்கி வரும் வழியில் இறந்தான். அடுத்த தேர்தலில் பாத்து தன் வலிமையனைத்தையும் மோங்கேயின் பக்கம் சாய்த்தான். 1251இல் மோங்கே பேரரசனானான், ஒகதாயின் குடும்பம் ஒடுக்கப்பட்டது, பூரி கொல்லப்பட்டான். மோங்கேயின் தம்பியரே ஈரானுக்குச் சென்ற ஹுலாகுவும், சீனத்தை ஆண்ட குப்ளாயும்.

விருந்து நடவாதிருந்தால் குப்ளாய் பேரரசனாகியிருப்பானா? குப்ளாய் இல்லையெனில் 1293இல் ஜாவாவுக்கு மங்கோலியக் கப்பற்படை வந்திராது; அப்படையைத் தன் பகைவன்மீது ஏவிவிட்டுப் பின்னர் அதனையே விரட்டியடித்த ராதன் விஜயன் மஜபாகித் அரசை அவ்வாறு நிறுவியிருக்க முடியாது. 1281ஆம் ஆண்டு சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்து, சீனத்தையாண்ட கானின் உடல்நலம் வேண்டித் தமிழில் பொறித்த கல்வெட்டும் வேறொரு மன்னனுக்காக எழுதப்பட்டிருக்கும். அன்றி, எழுதப்படாமலே போயிருக்கும். வெனிஸ் வணிகராகிய போலோ உடன்பிறந்தார் இருவர் வால்காக் கரையில் பெர்க்கேயின் நாட்டில் வணிகம் செய்துகொண்டிருந்தபோது, பெர்க்கேக்கும் ஹுலாகுவிற்கும் போர் மூண்டு திரும்பும் வழி அடைபட்டமையாற்றான் கிழக்கே குப்ளாயின் அவைவரை சென்றனர். அவர்களுள் ஒருவரின் மகனே மார்க்கோ போலோ. அப்போர் இல்லையெனில், பாண்டி நாட்டுக் காயல் துறையில் வந்திறங்கிய குதிரைகளைப் பற்றி அவர் கூறிய செய்திகளை நாம் இன்று படித்துக்கொண்டிருக்கமாட்டோம்.

இத்தகைய சங்கிலிகளைக் கோப்பது இன்பமான வேலை. மாணாக்கர் இதில் விரைவில் தேர்ச்சி பெற்றுவிடுவர். ஆயினும் பாத்துவும் குயுக்கும் ஈரானுக்குச் சென்றிருந்தாலும் வேறொரு விருந்தில் சண்டையிட்டிருப்பர் என எவரேனும் கூறினால், என்னிடம் மறுமொழி இல்லை. அவ்விருவரின் குணத்தை நோக்க அதுவே நிகழ்ந்திருக்கும் எனவும் தோன்றுகிறது. கருங்கொள்ளை நோயைப் பற்றியும் அவ்வாறே. 1346இல் கிரிமியாவின் காஃபா துறையை முற்றுகையிட்ட மங்கோலியரிடையே பரவிய அந்நோய், 1347இல் சிசிலியின் மெசினாவை அடைந்தது. மங்கோலியர் இல்லையெனில் ஐரோப்பாவில் மூன்றில் ஒருவர் பிழைத்திருப்பர் என்று சிலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். எலிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் வேறு பாதை கிடைத்திராது என்று எவரால் உறுதி கூறமுடியும்? கிப்சாக் சிறுவர்க்கும் கெய்ரோவிற்கும் உள்ள தொடர்பு இத்தகையதன்று. அது ஒரு தலைமுறைக்குள், ஒரே மனிதரின் வாழ்நாளுக்குள் முடிவடைந்த தொடர்பு. எனவேதான் அதனை நீட்டியும் மற்றவற்றைச் சுருக்கியும் கூறினேன்.

மீண்டும் வால்காக் கரைக்கே வருவோம். அங்கே சொல்லவேண்டிய செய்தி இன்னும் ஒன்று உண்டு.

ஹங்கேரியருடைய முன்னோர் கிழக்கேயிருந்து வந்தவர்கள். புறப்பட்டபோது தம் இனத்தாருள் ஒரு பகுதியினர் பழைய தாயகத்திலேயே தங்கிவிட்டனர் என்னும் நினைவு அவர்களிடம் இருந்தது. பழைய ஏடுகளில் அதனைப் படித்த தொமினிக்கன் துறவியர் நால்வர் 1235ஆம் ஆண்டு அவர்களைத் தேடிப் புறப்பட்டனர். வழியில் உணவும் பணமும் தீர்ந்தன. சிலர் திரும்பினர், ஒருவர் இறந்தார். ஜூலியன் என்பவர் மட்டும் எஞ்சினார். வால்காவின் அருகே ஒரு நகரத்தில் ஒரு பெண்ணை அவர் சந்தித்தார். அவள் தேடப்படும் அந்த இனத்தில் பிறந்து அவ்வூருக்கு மணமுடித்து வந்தவள். அவள் காட்டிய வழியே இரண்டு நாள் நடந்து ஜூலியன் அம்மக்களை அடைந்தார்.

பிரிந்து முந்நூறு ஆண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. அவர்கள் கிறித்தவரல்லர், உழவும் அறியார். ஆனால் அவர் பேசியது அவர்களுக்கு விளங்கிற்று. அவர்கள் பேசியது அவருக்கு விளங்கிற்று. வீடுவீடாக அழைத்துச் சென்று, மேற்கேயுள்ள தம் உறவினரைப் பற்றியும் அவர்களுடைய மன்னனைப் பற்றியும் அரசைப் பற்றியும் கேட்டுக்கொண்டே இருந்தனர். மங்கோலியர் அண்டையில் வந்துவிட்டனர் என்னும் செய்தியையும் அவர்களே அவருக்குக் கூறினர்.

ஜூலியன் நாடு திரும்பிச் செய்தி சொன்னார். 1237இல் மீண்டும் புறப்பட்டார். இம்முறை சூஸ்தால் நாட்டிற்கு அப்பால் அவரால் செல்ல இயலவில்லை. கிழக்கேயிருந்து ஓடிவந்தோரைக் கேட்டறிந்தார். அம்மக்களின் ஊர்கள் அழிந்துவிட்டன என்றனர். சூஸ்தால் இளவரசன் மங்கோலியத் தூதரிடமிருந்து கைப்பற்றிய ஒரு மடலை அவரிடம் கொடுத்தான். கானின் அடிமைகளாகிய குமானியருக்கு ஏன் புகலிடம் அளிக்கிறாய் என்று பேலா மன்னனைக் கேட்கும் மடல் அது. அதனை எடுத்துக்கொண்டு ஜூலியன் ஹங்கேரிக்குத் திரும்பினார்.